தின்னரா, மண்ணெண்ணெயா, தேங்காய் எண்ணெயா: பிரஷ் ஏன் துடைப்பமாகிறது?

ஆயில் பெயின்டிங் பிரஷ்களைக் கழுவத் தின்னர் நல்லதா, மண்ணெண்ணெய் நல்லதா, யாரோ வீடியோவில் சொன்னபடி தேங்காய் எண்ணெயே போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரியும் எழுதியிருக்கிறீர்கள்: “தினமும் தின்னரில் அலசித்தான் வைக்கிறேன், இருந்தும் ஒன்றரை மாதத்தில் பன்றி முடி பிரஷ் துடைப்பம் மாதிரி விரிந்துவிட்டது, சேபிள் பிரஷ்ஷின் கூர் போய்விட்டது.” எனக்கு அந்த வரிதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது. எந்தத் திரவம் என்பதை ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். தினமும் கழுவியும் ஏன் கெடுகிறது என்பதற்குக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. கல்லூரியில் ஓவியம் படிப்பதற்கு முன்பே, எண்பதுகளின் கடைசியில், சென்னையில் ஒரு சினிமா பேனர் பட்டறையில் எடுபிடியாக இருந்தேன். முதல் ஆறு மாதம் வரைய விடவே இல்லை. பிரஷ் கழுவுவதுதான் வேலை. சாயங்காலம் வாத்தியார் வருவார். கழுவி வைத்த பிரஷ் ஒவ்வொன்றின் கழுத்தையும் கட்டைவிரல் நகத்தால் ஓர் அழுத்து அழுத்துவார். துளி சிவப்பு கசிந்தாலும் மறுபடி தொட்டிக்குப் போக வேண்டியதுதான். அதன் பிறகு கல்லூரி, அதற்கப்புறம் இருபது வருடத்துக்கு மேலாக ஆயில் சொல்லிக்கொடுக்கும் பிழைப்பு. நான் வேதியியல் படித்தவன் இல்லை. ரசாயனம் பற்றி இங்கே சொல்வது தொழிலுக்காகப் படித்துத் தெரிந்துகொண்டது. பிரஷ் பற்றிச் சொல்வது கையால் கண்டது.

முதலில் ஆயில் கலர் எப்படிக் காய்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். வாட்டர் கலர் காய்கிறதென்றால் தண்ணீர் ஆவியாகிறது, அவ்வளவுதான். மறுபடி தண்ணீர் தொட்டால் கலர் கரையும். ஆயில் டியூபில் இருப்பது நிறப்பொடியும் அதை அரைத்துக் குழைத்த ஆளிவிதை எண்ணெயும், அதாவது லின்சீட் ஆயில். இதில் ஆவியாக ஒன்றும் இல்லை. எண்ணெய் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்து வலை பின்னி, படலமாக இறுகுகிறது. பால் உறைந்து தயிரான கதைதான். தயிரைத் திரும்பப் பாலாக்க முடியாது. ஈரமாக இருக்கும்வரை டர்பன்டைன் போன்ற கரைப்பான் கரைக்கும், எண்ணெய் இளக்கும், சோப்பு கழுவும். வலை பின்னி முடிந்த பிறகு டர்பன்டைனை லிட்டர் லிட்டராக ஊற்றினாலும் அது அசையாது. ஆகவே பிரஷ் கழுவுவது காலத்தோடு போடுகிற பந்தயம்.

எல்லா நிறமும் ஒரே வேகத்தில் காய்வதும் இல்லை. அம்பர் எனப்படும் பழுப்பு மண் நிறங்களில் மாங்கனீஸ் இருக்கிறது. அது எண்ணெயைத் துரத்தித் துரத்திக் காய வைக்கும். கோபால்ட் ப்ளூவும் அந்த ஜாதிதான். ஐவரி பிளாக், அலிசரின் கிரிம்சன், காட்மியம் சிவப்பு எல்லாம் சோம்பேறிகள். பர்ன்ட் அம்பர் தொட்ட பிரஷ்ஷை மே மாதச் சென்னையில் ராத்திரி அப்படியே போட்டுவிட்டுத் தூங்கினால், காலையில் கழுத்துப் பகுதி பிசுக்கேறி இறுகத் தொடங்கியிருக்கும். குளிர்நாட்டுக்காரர்கள் வீடியோவில் “இரண்டு நாள் கழித்துக் கழுவினாலும் ஒன்றுமில்லை” என்று சொல்வது அவர்கள் ஊருக்குச் சரியாக இருக்கலாம், நம் வெக்கைக்கு ஒத்துவராது. பத்து பிரஷ் கழுவ வேண்டியிருந்து உடம்பு அசதியாகவும் இருந்தால் அம்பரிலிருந்து ஆரம்பியுங்கள். கறுப்பு காத்திருக்கும்.

இனி உங்கள் பிரஷ்ஷுக்கு நடந்தது என்ன என்று பார்ப்போம். உலக்கைக்குப் பூண் போட்ட மாதிரி பிரஷ்ஷுக்கும் ஓர் உலோகப் பூண் இருக்கிறது. அதற்குள்ளே முடியின் அடிப்பாகம் பசையில் பதிந்திருக்கும். பன்றி முடிக்கு இயற்கையாகவே ஒரு வளைவு உண்டு. நல்ல பிரஷ்ஷில் அந்த வளைவெல்லாம் உள்நோக்கி இருக்கும்படி அடுக்கியிருப்பார்கள். அதனால்தான் புதிய பிரஷ்ஷின் நுனி கூப்பிய கை மாதிரி சேர்ந்தே நிற்கிறது. ஒவ்வொரு முடியின் நுனியும் இரண்டு மூன்றாகப் பிளந்தும் இருக்கும். கலரைத் தாங்குவது அந்தப் பிளவுதான். சேபிளில் உயர்ந்த ரகமான கொலின்ஸ்கி, சைபீரியாவில் வாழும் கீரி மாதிரியான வீசல் என்ற பிராணியின் வால் முடி. அதன் நுனி தானாகவே ஊசியாகக் கூர்ந்திருக்கும். பிரஷ் செய்கிறவர்கள் நுனியில் கத்தி வைப்பதில்லை, அடியைத்தான் வெட்டிச் சமன் செய்கிறார்கள். விரிந்த பிரஷ்ஷைக் கத்தரிக்கோலால் ‘சரி’ செய்யலாம் என்று உங்களுக்குத் தோன்றினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். நுனி போனால் மிச்சம் இருப்பது வெறும் நார்.

பூணை ஒட்டிய கழுத்தில், முடிகளுக்கு நடுவே கலர் ஏறி இறுகினால் விறகில் ஆப்பு இறக்கிய மாதிரி ஆகிவிடும். ஒரு நாளைக்கு ஒரு மணல் அளவு சேர்ந்தால் போதும், நாற்பது நாளில் அந்த ஆப்பு பெருத்து முடிகளைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். நுனி அதன் பாட்டுக்கு விரியும். நுனியில் ஒட்டியிருக்கும் கலர் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் கழுவிவிடுகிறோம். பிரஷ்ஷைக் கொல்வது கழுத்தில் ஒளிந்திருப்பது. நீங்கள் செய்ததை யோசித்துப் பாருங்கள்: கலர் நிறைந்த பிரஷ்ஷை நேராகத் தின்னரில் முக்கி அலசினீர்கள். கெட்டியாக இருந்த கலர் தண்ணியாக நீர்த்து, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போலக் கழுத்துக்கு ஏறியது. பிரஷ்ஷை எடுத்து வைத்ததும் தின்னர் சில நிமிடத்தில் பறந்துவிட்டது, கலரை அங்கேயே விட்டுவிட்டு. தினமும் கழுவியதால்தான் சீக்கிரம் கெட்டது என்று சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும். ஆனால் ஏறக்குறைய அதுதான் நடந்திருக்கிறது.

அதனால் எந்தத் திரவமும் தொடும் முன்னே துணி. பழைய பருத்தி வேட்டிக்கு ஈடாக எதுவும் இல்லை. பாலியஸ்டர் கலந்த துணி உறிஞ்சாது. துணியில்லாதபோது செய்தித்தாள். பூணை ஒட்டித் துணியை மடித்துப் பிடித்து, விரலால் அழுத்தி, கழுத்திலிருந்து நுனி நோக்கி இழுங்கள். பற்பசை டியூபைக் கடைசியில் பிதுக்குவோமே, அந்த மாதிரி. துணியின் இடத்தை மாற்றி மாற்றி ஏழெட்டு முறை. சேபிளுக்கு அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள், எந்தப் பிரஷ்ஷையும் முறுக்காதீர்கள். துணியில் வெறும் சாயல் மட்டும் விழும்வரை துடைத்தால் கலரில் பெரும்பகுதி போய்விட்டது. மாணவர்களிடம் நான் பார்த்தவரை, துடைக்கும் பழக்கம் வந்தவர்கள் மட்டமான திரவத்தில் கழுவினாலும் பிரஷ் வருடக்கணக்கில் வருகிறது. வராதவர்கள் வெளிநாட்டு கிளீனர் வாங்கினாலும் உங்கள் கதைதான். வரையும்போதே முடியின் பாதி நீளத்துக்கு மேல் கலர் ஏறாமல் பார்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. பூண்வரை முக்கி எடுப்பது சுவருக்குப் பெயின்ட் அடிக்கும் பழக்கம்.

இனி திரவங்கள். தின்னரை விட்டுவிடுங்கள். ஹார்டுவேர் கடையில் என்.சி. தின்னர் என்று தருவது லேக்கரைக் கரைப்பதற்காக டோலுயீன் போன்ற சங்கதிகளைக் கலந்து செய்தது. ஆயில் கலருக்கு அவ்வளவு காரம் தேவையே இல்லை. அது கைப்பிடியின் பாலிஷைக் கரைக்கும், முடியின் இயல்பான மினுமினுப்பை உறிஞ்சிவிடும். மூடிய அறையில் அதன் ஆவி தலைக்கேறும். அறை வெப்பத்திலேயே பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். மண்ணெண்ணெய் எங்கள் பட்டறையின் தேசிய பானம். கலரை நன்றாகவே இளக்கும், ஆனால் லேசில் ஆவியாகாது, எண்ணெய்ப்பசை விட்டுப்போகும். அடுத்த நாள் அந்தப் பசை உங்கள் கலரோடு சேரும். பேனர் நாலு வாரம் வெயிலில் நின்றால் போதும் என்பதால் எங்களுக்குக் கவலை இருக்கவில்லை. உங்கள் கேன்வாஸ் அதற்கு மேல் நிற்க வேண்டாமா?

டர்பன்டைன் என்ற பெயரில் இரண்டு வெவ்வேறு பொருள்கள் விற்கிறார்கள் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஒன்று அசல்: பைன் மரப் பிசினை வடித்து எடுப்பது, இங்கே பெரும்பாலும் இமயமலைச் சரிவின் சீர் பைனிலிருந்து. மற்றது பெட்ரோலியத்திலிருந்து வருவது. எம்.டி.ஓ. என்பார்கள், மினரல் டர்பன்டைன். ஹார்டுவேர் கடையில் ‘டர்பன்டைன்’ என்று கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது இதுதான். பிரஷ் கழுவ இதுவே போதும், விலையும் மலிவு. அசல் டர்பன்டைனின் வாசம் எனக்குப் பிடிக்கும், ஆனால் கழுவுவதற்கு அதைச் செலவழிக்க மாட்டேன். தவிர, சீர் பைன் டர்பன்டைனில் நிறைய இருக்கும் 3-கேரீன் என்ற பொருள் காற்றில் பழசாகும்போது, சிலருக்குத் தோலில் ஒவ்வாமையைக் கிளப்பும். ஒருமுறை வந்துவிட்டால் அந்த ஒவ்வாமை ஆளை விடாது. ‘வாசனையற்றது’ என்று போட்ட மினரல் ஸ்பிரிட்டும் கிடைக்கிறது. மூக்குக்கு இதம், ஆனால் வாசனை இல்லாவிட்டாலும் ஆவி உண்டு. கரைப்பான் ஆவியை வருடக்கணக்கில் சுவாசித்த பெயின்டர்களுக்கு ஞாபகமும் கவனமும் பாதிக்கப்படுவதை டென்மார்க் போன்ற நாடுகளில் 1970-களிலிருந்தே தொழில்நோயாகக் கருதத் தொடங்கினார்கள். எந்த ரகமானாலும் ஜன்னல் திறந்திருக்கட்டும், ஜாடி மூடியிருக்கட்டும்.

தேங்காய் எண்ணெய் சொன்ன வீடியோவில் பாதி உண்மை இருக்கிறது. எண்ணெயில் குழைத்த கலரை எண்ணெய் இளக்கும், சந்தேகமே இல்லை. டர்பன்டைன் மலிவாகப் புழங்குவதற்கு முந்தைய ஐரோப்பாவில் பிரஷ்ஷை எண்ணெயில் அலசி, தகரத் தட்டின் விளிம்பில் வழித்து வைப்பதுதான் வழக்கம். பிரச்சினை எந்த எண்ணெய் என்பதில். எண்ணெய்களின் காயும் குணத்தை அயோடின் எண் என்ற அளவால் சொல்வார்கள், எண் கூடக்கூட நன்றாகக் காயும்: ஆளிவிதை எண்ணெய்க்கு ஏறக்குறைய 170 முதல் 200, நல்லெண்ணெய்க்கு 105 முதல் 120, தேங்காய் எண்ணெய்க்கு வெறும் 6 முதல் 11. தேங்காய் எண்ணெய் எந்தக் காலத்திலும் காயாது. காயாது என்பதால் பிரஷ் இறுகாது, அது நல்லது. ஆனால் கழுத்தில் மிச்சம் நின்ற துளி மறுநாள் கலரோடு கேன்வாஸுக்குப் போனால், அந்த இடம் மாதக்கணக்கில் பிசுபிசுக்கும். காய்ந்தாலும் படலத்துக்கு வலு இருக்காது. ஆகவே தேங்காய் எண்ணெயில் அலசலாம், அலசியதும் சோப்புப் போட்டுச் சுத்தமாக எடுத்துவிடுவீர்கள் என்றால். அதைவிடச் சமையலறையில் இருக்கும் சூரியகாந்தி எண்ணெய் மேல்; மெதுவாகவாவது காயும் ஜாதி. ஹார்டுவேர் கடையில் ‘டபுள் பாயில்டு லின்சீட்’ என்று ஒன்று தருவார்கள். அதைப் பிரஷ் பக்கமே கொண்டுவராதீர்கள். தச்சு வேலைக்காகச் சீக்கிரம் காய மருந்து சேர்த்தது அது.

நான் இப்போது செய்வது இவ்வளவுதான்: துணியால் துடைப்பு, கொஞ்சம் சூரியகாந்தி எண்ணெயில் ஓர் அலசல், மறுபடி துடைப்பு, பிறகு சோப்பு. எம்.டி.ஓ.வைத் தொடுவது, வரைவதற்கு நடுவே நிறம் மாற்றும்போது மட்டும். அதற்கு ஓர் ஊறுகாய் ஜாடி. அடியில் புட்டுக்குழலின் ஓட்டைச் சில்லு ஒன்றை மூன்று கூழாங்கல் மேல் உட்கார வைத்திருக்கிறேன். பிரஷ்ஷைச் சில்லின் மேல் லேசாக உரசினால் கலர் ஓட்டை வழியாகக் கீழே இறங்கிப் படிந்துவிடும், மேலே தெளிந்த திரவம் நிற்கும். வாரம் ஒருமுறை தெளிவை வேறு ஜாடிக்கு இறுத்துக்கொண்டால் அதே எம்.டி.ஓ. பல மாதம் வரும். இதற்கென்று ஸ்டீல் ஜாடி கடையில் விற்கிறார்கள், நன்றாகத்தான் இருக்கிறது. புட்டுச் சில்லைக் கேட்காமல் எடுத்துக்கொண்டதற்கு வீட்டில் வாங்கிய வசவு மட்டும் கூடுதல் செலவு. அடியில் சேரும் வண்டலைத் தொட்டியிலோ சாக்கடையிலோ ஊற்றாதீர்கள். அகலமான தகரத்தில் மெல்லியதாகப் பரப்பிக் காயவிட்டு, கெட்டியானதும் அப்புறப்படுத்துங்கள். ஒன்று மறக்காமல்: பிரஷ்ஷை ஜாடிக்குள் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். நுனி மடங்கிய வாக்கில் ஒரு மணி நேரம் நின்றால் அந்த மடிப்பு பிறகு நிமிராது. உங்கள் சேபிளின் கூர் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

சோப்பு விஷயத்தில் நிச்சயமாகச் சொல்லக்கூடியது ஒன்று: விலங்கு முடி என்பது கெரட்டின், நம் தலைமுடி செய்யப்பட்ட அதே புரதம். உங்கள் தலைக்குப் போடத் தயங்குவதைப் பிரஷ்ஷுக்கும் போடாதீர்கள். வாஷிங் சோடா, காரம் கூடின துணி சோப்பு, பாத்திரம் தேய்க்கும் பார் எல்லாம் தொடர்ந்து போட்டால் முடி வறண்டு சொரசொரப்பாகும். சாதாரணக் குளியல் சோப்பு போதும். அட்டையில் டி.எஃப்.எம். என்று ஒரு சதவீதம் அச்சிட்டிருப்பார்கள், அதாவது மொத்தக் கொழுப்பு. முதல் தரத்துக்கு 76-க்குக் குறையக் கூடாது. அதைப் பார்த்து வாங்குங்கள், வாசனை எதுவானாலும் சரி. நனைத்த பிரஷ்ஷைச் சோப்புக் கட்டியில் இரண்டு இழுப்பு இழுத்து, உள்ளங்கையில் வட்டமாகச் சுழற்றுங்கள். அம்மியில் அரைப்பது போலக் குத்தி அரைக்க வேண்டாம். பிறகு கழுத்தை விரலால் பிசைந்து நுரையை வெளியே தள்ளி, அலசி, மறுபடி சோப்பு. முதல் இரண்டு நுரை கலரில் வரும். மூன்றாவதோ நாலாவதோ வெள்ளையாக வரும். வெள்ளை வந்ததும் எல்லோரும் நிறுத்திவிடுகிறார்கள். எங்கள் வாத்தியார் நகத்தால் அழுத்தியது அந்த இடத்தில்தான். அழுத்திப் பாருங்கள், உள்ளேயிருந்து இன்னொரு துளி கலர் நுரை எட்டிப் பார்க்கும். பச்சைத் தண்ணீர் அல்லது வெதுவெதுப்பு போதும். கொதிநீர் பூணை விரியவைத்து உள்ளே இருக்கும் பசையைத் தளர்த்தும்.

உங்கள் வீட்டில் போர் தண்ணீரா? கேள்வியில் நீங்கள் சொல்லவில்லை, ஆனால் நம் ஊரில் கேட்டே ஆக வேண்டிய விஷயம். உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, நுரை வராமல், திப்பி திப்பியாக வெள்ளை மக்காகத் திரியும். பக்கெட் விளிம்பில் படியுமே, அதுதான். அது பிரஷ் கழுத்திலும் படியும், காய்ந்தால் இறுகும். ‘நன்றாகத்தான் கழுவினேன், கலரே இல்லை, ஆனாலும் முடி விறைப்பாக இருக்கிறது’ என்று வருகிற மாணவர்களிடம் முதலில் தண்ணீரைத்தான் விசாரிப்பேன். குடிக்க வாங்கும் கேன் தண்ணீரிலோ மழைநீரிலோ கடைசி அலசலை மட்டும் செய்தால் பாதிப் பிரச்சினை தீரும். இல்லையென்றால் சோப்புக்குப் பதில் சாதா ஷாம்பு. அது உப்புத் தண்ணீரில் திரியாது.

உள்ளங்கையில் கழுவச் சொன்னேன், அதற்கு ஒரு தடையும் சொல்ல வேண்டும். அசல் காட்மியம் நிறங்கள், ஃப்ளேக் ஒயிட் எனப்படும் ஈய வெள்ளை, கோபால்ட் வகைகள் பயன்படுத்துகிறவர்கள் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். டியூபில் ‘காட்மியம் ரெட் ஹ்யூ’ என்று ‘ஹ்யூ’ ஒட்டியிருந்தால் அதில் காட்மியம் இல்லை, அதே சாயலில் வேறு நிறப்பொடி என்று அர்த்தம். கழுவிய பிரஷ்ஷை வாயில் வைத்து நுனி கூர்ப்பதைப் பழைய ஆட்கள் செய்வார்கள். நானும் செய்திருக்கிறேன். செய்யாதீர்கள்.

கழுவியதும் உதறி, துணியில் ஒற்றி, விரலால் பழைய வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். விரிய ஆரம்பித்த ஃப்ளாட் பிரஷ்ஷுக்கு ஒரு வைத்தியம் உண்டு: ஈரமாக இருக்கும்போதே முடியைச் சுற்றி ஒரு துண்டுச் செய்தித்தாளை இறுக்கிச் சுற்றி மடித்துவிடுங்கள். காகிதம் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே காயும், முடியும் அதே வடிவத்தில் காயும். கழுத்தில் ஆப்பு இல்லாத பிரஷ் இதில் நன்றாகவே சேரும். ஆப்பு இருந்தால் மறுநாளே பழைய குருடி கதவைத் திறடி. காயும்போது பிரஷ்ஷைக் குவளையில் நுனி மேலே பார்க்க நிறுத்தக் கூடாது. தண்ணீர் கீழே இறங்கிப் பூணுக்குள் போகும், கைப்பிடி மரம் ஊதிப் பாலிஷ் வெடிக்கும், பிறகு மரம் சுருங்கும்போது பூண் ஆட்டம் காணும். மேசை ஓரத்தில் முடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கப் படுக்க வையுங்கள், ஃபேன் காற்று போதும், வெயில் வேண்டாம். முழுக்கக் காய்ந்த பிறகு குவளையில் நிறுத்தினால் தப்பில்லை.

பல நாள் தொடாமல் வைப்பதானால் பூச்சியை நினைக்க வேண்டும். கம்பளியைத் தின்னும் அந்துப்பூச்சியும் கம்பள வண்டும் பன்றி முடியையும் சேபிளையும் விடுவதில்லை. புரதம் என்றால் அவற்றுக்கு விருந்து. நைலான் பிரஷ்ஷைத் தொடாது. இது இன்றைய தொல்லையும் அல்ல. இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினி 1400-ஐ ஒட்டி எழுதிய கைநூலில், அணில் வால் முடியைப் பூச்சி அரிக்காமல் இருக்கக் களிமண்ணையோ சுண்ணத்தையோ குழைத்து அப்பித் தொங்கவிடச் சொல்கிறார். வேண்டும்போது தண்ணீரில் ஊறவைத்துக் கழுவிக்கொள்ளலாமாம். பன்றி முடி பிரஷ்ஷைப் பழக்க முதலில் சுவருக்கு வெள்ளையடிக்கச் சொல்வதும் அவரேதான். எங்கள் பட்டறையிலும் புது பிரஷ் முதலில் பின்னணி அடிக்கத்தான் போகும். அவரை நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை. இன்றைக்குக் களிமண் வேண்டாம், மூடிய டப்பாவில் இரண்டு பாச்சை உருண்டை போதும். ஆனால் முழுக்கக் காயாமல் மூடினால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும்.

கழுவுவதைவிட முக்கியமான ஒன்றை நீங்கள் கேட்கவில்லை: துடைத்த துணியை என்ன செய்கிறீர்கள்? ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும் என்பது அதே ஆக்சிஜன் கதையின் மறுபாதி. கேன்வாஸில் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். கசக்கிக் குவித்த துணியில் போக வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய், தீக்குச்சி இல்லாமலே தானாகப் பற்றிக்கொள்ளும். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடத்தில் 1991 பிப்ரவரி 23 அன்று பிடித்த தீ, மர வேலை செய்தவர்கள் 22-ஆம் மாடியில் விட்டுப்போன லின்சீட் ஆயில் துணிகளில்தான் தொடங்கியது. தீயணைப்பு வீரர்கள் மூன்று பேர் இறந்தார்கள், பிற்பாடு கட்டடத்தையே இடித்துவிட்டார்கள். எங்கள் பட்டறையிலும் ஒரு சாக்கில் திணித்த துணி காலையில் தொட முடியாத சூட்டில் இருந்ததைக் கையால் உணர்ந்திருக்கிறேன். துணிகளைக் கொடியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயப் போடுங்கள், விறைப்பாகக் காய்ந்த பிறகு குப்பையில் போடலாம். முடியாவிட்டால் தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் முக்கி மூடி வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டிக் கதவுக்குப் பின்னால் வைப்பது மட்டும் வேண்டாம்.

ஏற்கெனவே இறுகிப்போன பிரஷ்ஷை மீட்க முடியுமா? இறுகி இரண்டு மூன்று நாள்தான் என்றால் ஒரு இரவு முழுக்கச் சோப்பைக் குழைத்து அப்பி வைத்தோ, எண்ணெய் தடவிப் படுக்க வைத்தோ, காலையில் சீப்பால் வாரிக் கழுவினால் பெரும்பாலும் பிழைக்கும். வாரங்கள் ஆகிவிட்டால் பெயின்ட் ரிமூவர் தவிர வழியில்லை. அதில் காஸ்டிக் சோடா உள்ளது முடியையே கரைத்துவிடும். டைக்ளோரோமீத்தேன் உள்ளது வேலை செய்யும், ஆனால் அதன் ஆவி ஆளையே சாய்க்கக்கூடியது. அமெரிக்காவில் 2019-இல் அந்த வகை ரிமூவரைப் பொதுமக்களுக்கு விற்பதையே தடை செய்தார்கள். நைலான் பிரஷ் இந்த மருந்தெல்லாம் தாங்காது, பன்றி முடி ஓரளவு தாங்கும், சேபிள் உயிரோடு வந்தாலும் பழைய கூர் வராது. ஒரு சாதாரண பிரஷ்ஷுக்காக இந்த விஷத்தைச் சுவாசிப்பது புத்திசாலித்தனமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். நான் செய்வதில்லை. வினிகரில் கொதிக்க வைத்துப் பிழைக்க வைத்ததாகவும் சிலர் சொல்வார்கள். நான் முயன்ற இரண்டு முறையும் பூண் கழன்றதுதான் மிச்சம்.

இன்னும் சில பழக்கங்களில் அனுபவசாலிகளே ஒத்துப்போவதில்லை. கழுவிய பிறகு சிலர் தலைக்குப் போடும் கண்டிஷனர் தடவுகிறார்கள். முடி மெத்தென்று ஆவது உண்மைதான், ஆனால் அந்தப் பூச்சு அடுத்த நாள் கலரில் கலப்பதை நான் விரும்புவதில்லை. கெடுதல் செய்ததாகக் காட்ட என்னிடம் ஆதாரமும் இல்லை. பிரஷ்ஷைக் கழுவாமலே பிளாஸ்டிக்கில் சுற்றி ஃப்ரீசரில் வைப்பது வேலை செய்யும், குளிரில் எண்ணெய் மெதுவாகத்தான் காயும். சாப்பாட்டுப் பொருள் இருக்கும் ஃப்ரீசரில் காட்மியத்தை வைக்க என் மனம் ஒப்பவில்லை. மருந்துக்கடைக் கிராம்புத் தைலத்தின் ஆவிபடும்படி டப்பாவில் வைத்தாலும் காய்வது தாமதமாகும். அதிகமானால் ஓவியமே காயாது. அடுத்த நாளே மறுபடி வரையப்போகிறவர்கள் நன்றாகத் துடைத்துவிட்டு சூரியகாந்தி எண்ணெயில் முக்கி, தட்டில் படுக்க வைத்தால் சோப்புக் குளியலைத் தள்ளிப்போடலாம் என்பதை மட்டும் தைரியமாகச் சொல்வேன். வரையத் தொடங்கும் முன் அந்த எண்ணெயை ஒட்டத் துடைத்துவிட வேண்டும். தண்ணீரில் கரையும் புது வகை ஆயில் கலரை நான் பயன்படுத்தியது குறைவு, அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

உங்களிடம் இருக்கும் பிரஷ்களில் தூக்கிப்போட எதுவும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். விரிந்த பன்றி முடியின் கழுத்தை நகத்தால் அழுத்திப் பாருங்கள். கொஞ்சமாவது நெகிழ்ந்தால் இன்றிரவே சோப்பில் ஊறப் போடுங்கள். கல்லாக இருந்தால் அப்படியே வைத்துக்கொண்டு புல், மர இலை, பாறை என்று சொரசொரப்பு வேண்டிய இடத்தில் கலரைத் தொட்டும் தொடாமலும் இழுங்கள். புது பிரஷ்ஷில் அந்த இழுப்பு வராது. என் மேசையில் அப்படி ஒன்று பதினெட்டு வருடமாக இருக்கிறது.